துணிகர முதலீடு: மலைத்தோட்டம் தரும் பாடம்

திருவனந்தபுரத்திலிருந்து ஏறத்தாழ 60 கிலோமீட்டர் தொலைவில், மேற்குத் தொடர்ச்சி மலையில் அமைந்துள்ளது பொன்முடி. 22 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து மேலேறுவோர் அங்குத் தேயிலைத் தோட்டங்களைக் காண்பர். ஆயினும், பழைய திருவிதாங்கூரின் மலைகளில் முதன்முதலாகப் பெருமூலதனத்தை ஈர்த்த பயிர் தேயிலையன்று, காப்பியே ஆகும்.

கும்பகோணத்தில் பிறந்த சர் டி. மாதவராவ் திருவிதாங்கூரின் திவானாக விளங்கிய 1860-களில் அம்மலைகளில் காப்பித் தோட்டங்கள் பெருகின. நட்ட செடி பலன் தர மூன்று நான்கு ஆண்டுகள் ஆகும். அதுவரை செலவுண்டு, வரவில்லை. இந்நிலையில், 1869-இல் இலங்கையில் தோன்றிய இலைத்துரு நோய் தென்னிந்திய மலைகளுக்கும் பரவியது. காப்பி அழிந்த இடங்களில் காலப்போக்கில் தேயிலையும் ரப்பரும் வேரூன்றின. ஆனால் மறுபயிர் நடுவதற்குக் கையில் பொருள் வேண்டுமன்றோ? கடன் வாங்கி ஒரே பயிரை நம்பியவனுக்கு அவ்வாய்ப்பு ஏது?

இன்று ‘ஏஞ்சல் முதலீடு’ எனப்படுவதன் இயல்பும் இதுவே. நியூயார்க்கில் நாடகங்களுக்குப் பொருளுதவிய செல்வர்களைத் ‘தேவதைகள்’ என்று அழைத்ததிலிருந்து இப்பெயர் வந்தது. புதிதாய்த் தொடங்கும் கம்பெனிக்குப் பணம் தந்து பங்கு பெறுவதே இம்முறை. இதில் வட்டி இல்லை, தவணை இல்லை, நினைத்தபோது பங்கை விற்கச் சந்தையும் இல்லை. வங்கி வைப்புக்கு 5 லட்சம் ரூபாய் வரை உள்ள காப்பீடு இதற்குக் கிடையாது.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். பத்துக் கம்பெனிகளில் தலா ஒரு லட்சம் ரூபாய் இடுகிறோம். ஏழு முழுகிவிடுகின்றன, இரண்டு முதலை மட்டும் திருப்புகின்றன, ஒன்று பத்து மடங்கு தருகிறது. எட்டாண்டு கழித்துக் கையில் இருப்பது 12 லட்சம். அதே பத்து லட்சம், ஆண்டுக்கு 6 சதவீதக் கூட்டு வட்டியில் ஏறத்தாழ 15 லட்சத்து 94 ஆயிரமாக வளர்ந்திருக்கும். பத்து மடங்கு என்ற சொல்லில் மயங்குவோர் இக்கணக்கை மறந்துவிடலாகாது.

பிற மாநிலங்களில் வாழும் நமக்குத் தனிப்பட்ட அபாயம் ஒன்றுண்டு. ‘நம் ஊர்க்காரர், நம் மொழிக்காரர்’ என்ற பற்றினால் ஏட்டைப் பாராமல் பணத்தைக் கொடுத்துவிடுகிறோம். 2013-ஆம் ஆண்டுக் கம்பெனிச் சட்டப்படி, தனியார் கம்பெனி பொது விளம்பரம் செய்து பங்கு திரட்டலாகாது. பங்குக்குரிய பணத்தை ரொக்கமாகப் பெறலாகாது. பணம் பெற்ற 60 நாட்களுக்குள் பங்கை ஒதுக்க வேண்டும். ரொக்கம் கேட்பவர் எவ்வளவு நெருங்கியவராயினும் மறுத்துவிடுவதே முறை. ஏஞ்சல் நிதி என்று சொல்லி வருவோரிடம், பங்குச் சந்தைக் கட்டுப்பாட்டு வாரியமாகிய செபியில் பெற்ற பதிவைக் கேட்க வேண்டும். மத்திய அரசு ஊழியர்கள் ஊக வணிகத்தில் ஈடுபடுவதை 1964-ஆம் ஆண்டு நடத்தை விதிகள் தடை செய்கின்றன என்பதும் நினைவிலிருக்கட்டும்.

ஆதலின், முதலில் ஓராண்டுச் செலவுக்குரிய தொகையையும், மக்களின் கல்விக்கும் ஊரில் கட்டும் வீட்டுக்கும் உரியதையும் பத்திரமான இடத்தில் வைப்போம். கடன் வாங்கி முதலிடுவதை அறவே விலக்குவோம். எஞ்சியதில் ஒரு சிறு பகுதியை, முழுதும் போனாலும் அடுப்பெரிவது நிற்காத அளவினதை மட்டும், பலவாகப் பிரித்து இடுவோம். துணிவு வேண்டியதே, அதற்கும் ஓர் எல்லை வேண்டும்.