ஏற்காட்டில் பலர் பார்க்காத ஊர்கள்

ஏற்காடு என்றதும் என்ன ஞாபகத்துக்கு வரும்? ஏரி. படகு. குளிர் காற்று. சூடான மிளகாய் பஜ்ஜி. மாலையில் 'லேடீஸ் சீட்' என்ற பாறை மேல் நின்று, கீழே சேலம் நகரத்து விளக்குகளைப் பார்ப்பது. மறுநாள் காலையில் ஒரு பை நிறையக் காப்பித்தூளும் மிளகும் வாங்கிக்கொண்டு பஸ் ஏறிவிடுவது.

பெரும்பாலோர் பார்க்கும் ஏற்காடு இவ்வளவுதான். 'ஏழைகளின் ஊட்டி' என்று ஒரு பெயரும் வைத்தாகிவிட்டது.

இந்த ஏரிக்கும் கடைத்தெருவுக்கும் அப்பால், மலை மடிப்புகளில் 67 ஊர்கள் இருக்கின்றன. வெள்ளைக்காரர்கள் வருவதற்கு முன்பே, காப்பிச் செடி வருவதற்கு முன்பே இருந்த ஊர்கள் அவை. அந்த ஊர்களைப் பற்றித்தான் இந்த வாரம் பார்க்கப் போகிறோம்.

இருபது வளைவுகள்

சேலத்திலிருந்து ஏற்காட்டுக்கு சுமார் 30 கிலோமீட்டர். பஸ்ஸில் ஒன்றரை மணி நேரம். வழியில் கொண்டை ஊசி வளைவுகள் இருபது. ஒவ்வொரு வளைவிலும் எண் எழுதியிருக்கிறது. குழந்தைகள் அதை எண்ணிக்கொண்டே வருவார்கள். பத்தாவது வளைவு தாண்டுவதற்குள் காற்று மாறிவிடும்.

ஏற்காடு கடல் மட்டத்திலிருந்து 4,970 அடி உயரம். மலையின் உச்சி இன்னும் மேலே, 5,326 அடியில் இருக்கிறது. அங்கேதான் சேர்வராயன் கோயில். மலைக்குச் 'சேர்வராயன் மலை' என்ற பெயர் அந்தச் சாமியின் பெயர்தான். 'ஏரி'யும் 'காடு'ம் சேர்ந்து ஏற்காடு ஆயிற்று என்பார்கள்.

பஸ் நிலையத்தில் இறங்கியதும் எல்லோரும் ஏரியைப் பார்த்து நடப்பார்கள். நாம் வேறு பக்கம் போவோம். காப்பித் தோட்டங்களின் நடுவே 32 கிலோமீட்டர் சுற்றுச் சாலை ஒன்று போகிறது. சாலையின் இருபுறமும் உயரமான சில்வர் ஓக் மரங்கள். அவற்றில் சுற்றி ஏறிய மிளகுக் கொடிகள். நிழலில் காப்பிச் செடிகள். இடையிடையே பிரிந்து போகும் சிறு பாதைகள்தான் ஊர்களுக்குப் போகும் வழி. நாகலூர், மஞ்சக்குட்டை, செம்மநத்தம், காக்கம்பாடி, கரடியூர், தலைச்சோலை... பெயர்களைச் சொல்லிப் பாருங்கள். கரடி இருந்த ஊர், சோலை இருந்த ஊர் என்று காடு அதிலேயே தெரிகிறது.

யார் இந்த மலையாளி?

இந்த ஊர்களில் வாழ்பவர்களுக்கு 'மலையாளி' என்று பெயர். உடனே கேரளத்தை நினைத்துவிடாதீர்கள். இவர்கள் பேசுவது தமிழ். வீட்டிலும் தமிழ், வெளியிலும் தமிழ். மலையை ஆள்கிறவர்கள், ஆகவே மலையாளி. ஊருக்குப் புதிதாக வருகிறவர்கள் "கேரளாவா?" என்று கேட்பதும், அவர்கள் சிரித்துக்கொண்டே விளக்குவதும் வழக்கமாகிவிட்டது.

தமிழ்நாட்டின் பழங்குடிகளில் எண்ணிக்கையில் பெரியவர்கள் இவர்களே. 2011-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கின்படி சுமார் மூன்றரை லட்சம் பேர். சேர்வராயன் மலையில் மட்டுமல்ல. கொல்லிமலை, பச்சைமலை, கல்வராயன் மலை, ஜவ்வாது மலை ஆகிய இடங்களிலும் வாழ்கிறார்கள்.

எப்படி மலைக்கு வந்தார்கள்? தலைமுறை தலைமுறையாக அவர்கள் சொல்லிவரும் கதை ஒன்று உண்டு. முன்னொரு காலத்தில் காஞ்சிபுரத்தில் மூன்று சகோதரர்கள் இருந்தார்கள். பெரியண்ணன், நடுவண்ணன், சின்னண்ணன். அவர்கள் ஊரை விட்டுக் கிளம்பினார்கள். பெரியண்ணன் சேர்வராயன் மலைக்கு வந்தான். நடுவண்ணன் பச்சைமலைக்குப் போனான். சின்னண்ணன் கொல்லிமலை ஏறினான். அவர்களுடைய வாரிசுகள்தான் இன்றைய மலையாளிகள். இதுதான் கதை. காஞ்சியில் போர்க் குழப்பம் மிகுந்ததால் வெளியேறினார்கள் என்று சொல்வாரும் உண்டு.

ஏன் மலை உச்சி?

கீழே வயல் இருக்கிறது, ஆறு இருக்கிறது, சந்தை இருக்கிறது. அதையெல்லாம் விட்டு ஒருவன் ஏன் நாலாயிரம் அடி ஏறி வீடு கட்டுகிறான்?

இந்தக் கேள்விக்கு வெகு தூரத்திலிருந்து ஒரு பதில் கிடைக்கிறது. இத்தாலி நாட்டின் கடற்கரையில் கோர்னிலியா என்று ஒரு சிற்றூர். கடலுக்கு மேலே முன்னூறு அடிக்கு மேற்பட்ட உயரத்தில், பாறை மேல் ஒட்டிக்கொண்டிருக்கிறது. ரெயில் நிலையம் கீழே, ஊர் மேலே. நடந்து போனால் ஏறக்குறைய 380 படிகள். பழைய காலத்தில் அந்தக் கடற்கரையில் கடற்கொள்ளைக்காரர்கள் இறங்கிச் சூறையாடுவார்கள். ஆளையே பிடித்துக்கொண்டு போவார்கள். அதனால்தான் அப்பக்கத்து மக்கள் உயரமான இடங்களைத் தேடி, வீடோடு வீடு ஒட்டிக் கட்டினார்கள். சரிவில் கல் அடுக்கி, படிபடியாக நிலம் திருத்தி, திராட்சை பயிரிட்டார்கள். ஆபத்துக் காலத்தில் மலைதான் கோட்டை.

நம் மலையிலும் அப்படித்தான். சமவெளியில் படைகள் வரும், போகும். வரி கேட்பவன் வருவான். இவ்வளவு உயரம் ஏறி யார் வருவார்கள்? அடிவாரக் காட்டில் மலேரியாக் காய்ச்சல் வேறு இருந்தது. அந்தக் காய்ச்சலுக்குப் பயந்தே பலர் மலைப்பக்கம் தலைவைக்க மாட்டார்கள். மேலே இருந்தவர்களுக்கு அதுவும் ஒரு மதில் சுவர்தான்.

மூங்கில் வீடும் பொங்கல் எருதும்

பழைய மலையாளி வீட்டுக்குச் செங்கல் கிடையாது. மூங்கிலைப் பிளந்து தப்பை வைத்துச் சுவர் எழுப்புவார்கள். அதன் மேல் மண் பூசி, சாணம் மெழுகுவார்கள். கூரைக்கு மலைப்புல். முன்னால் ஒரு திண்ணை. தானியக் குதிரைத் தரையிலிருந்து சற்று உயரத்தில் கல் மேல் தூக்கி வைப்பார்கள். ஈரமும் ஏறாது, எலியும் ஏறாது.

இப்போது அத்தகைய வீடுகள் குறைந்துவிட்டன. ஓட்டு வீடும் தளம் போட்ட வீடும் வந்துவிட்டன. பார்க்கப் போகிறவனுக்குப் புல் வீடு அழகு. மழைக்காலத்தில் அதில் குடியிருக்கிறவளைக் கேட்டால் தளம் போட்ட வீடுதான் அழகு என்பாள். அவள் சொல்வதே சரி!

சாமை, தினை, கேழ்வரகு இவையே பழைய பயிர்கள். பலா, கொய்யா, ஆரஞ்சு மரங்கள் வீட்டைச் சுற்றி இருக்கும். இன்று பல வீட்டுக் கொல்லையில் காப்பியும் மிளகும் உண்டு.

பழைய கட்டுப்பாடும் ஒன்று இருந்தது. ஊருக்கு ஒரு மூப்பன். பல ஊர்கள் சேர்ந்தது ஒரு நாடு. நாட்டுக்கு ஒரு பட்டக்காரர். சண்டை சச்சரவு, கலியாணம், திருவிழா எல்லாம் அவர்கள் முன்னால்தான் முடிவாகும். பொங்கல் வந்தால் எருதாட்டம். மலை முழுவதும் சத்தம் கேட்கும்.

கல் கோடரிக்குப் பூசை!

இனி ஒரு விந்தையான சங்கதி.

சேர்வராயன் மலையின் சில ஊர்களில், மரத்தடிப் பிள்ளையார் பக்கத்தில் வழவழப்பான கற்கள் குவிந்திருந்தன. உள்ளங்கை அளவு, அதைவிடச் சற்றுப் பெரிது என்று பல அளவுகள். ஒரு முனை கூர்மை. நிலத்தை உழும்போது மக்கள் கண்டெடுத்தவை. சாதாரணக் கல் இல்லை என்று தெரிந்தது. சாமிக்கு அருகில் கொண்டுவந்து வைத்துக் கும்பிட்டார்கள்.

இராபர்ட் புரூஸ் பூட் என்ற நிலவியல் அறிஞர் அவற்றைப் பார்த்தார். அவர் யார் என்றால், 1863-ஆம் ஆண்டு மே 30-ஆம் தேதி சென்னைப் பல்லாவரத்தில் பழைய கற்கால மனிதனின் கருவியை முதன்முதலில் கண்டெடுத்தவர். இந்தியாவில் கற்கால மனிதன் வாழ்ந்தான் என்பதற்கு அது பெரிய சான்று. அவர் பிற்காலத்தில் ஏற்காட்டிலேயே வீடு வைத்துக்கொண்டு வாழ்ந்தார். பிள்ளையார் பக்கத்தில் கிடந்தவை புதிய கற்காலத்துக் கோடரிகள் என்று அவருக்குத் தெரிந்தது. மூவாயிரம் ஆண்டுகளுக்கும் முந்தியவை. ஒரு மனிதன் நாள் கணக்கில் உட்கார்ந்து, கல்லைக் கல்லில் தேய்த்துத் தேய்த்துக் கூர்மையாக்கி, கைப்பிடி மாட்டி மரம் வெட்டிய கோடரி!

பூட் சேர்த்த கருவிகளை 1904-ல் சென்னை அருங்காட்சியகம் வாங்கியது. 1912-ல் அவர் காலமானார். ஏற்காடு கிறிஸ்தவ ஆலயத்தில் அவருக்கு நினைவுச் சின்னம் இருக்கிறது.

காஞ்சியிலிருந்து சகோதரர்கள் வந்தார்களோ இல்லையோ, அவர்களுக்கும் முன்பே இந்த மலையில் மனிதன் குடியிருந்தான். அதற்குச் சாட்சி அந்தக் கற்கள்.

காப்பி வந்தது, நிலம் போனது

1820-களில் சேலம் கலெக்டராக இருந்தவர் காக்பர்ன் துரை. ஸ்காட்லாந்துக்காரர். இந்த மலைக்குக் காப்பிச் செடியைக் கொண்டுவந்தவர் அவர்தான். அவர் உண்டாக்கிய 'கிரேஞ்ச்' தோட்டம் ஏற்காட்டின் மிகப் பழைய தோட்டம். 'ஏற்காட்டின் தந்தை' என்று அவரைச் சொல்வது வழக்கம். 67 ஊர்களின் பாட்டன் பூட்டன்கள் அப்போதே அங்கே இருந்தார்கள் என்பதைச் சொல்வோர் குறைவு.

காப்பிக்கு விலை கிடைத்தது. மேலும் துரைமார்கள் வந்தார்கள். காடு தோட்டமாயிற்று. இவர்கள் மாறி மாறிப் பயிர் செய்துவந்த நிலங்களும் தோட்டத்துக்குள் போயின. நிலைமை முற்றியபோது, மலையாளி ஊர்களைச் சுற்றி எல்லை அளந்து, அதற்குள் தோட்டக்காரர்கள் நுழையக்கூடாது என்று அன்றைய அரசே ஏற்பாடு செய்ய வேண்டியதாயிற்று. எல்லைக்கு வெளியே போனது போனதுதான். நேற்றுவரை நிலத்துக்குச் சொந்தக்காரன், மறுநாள் அதே மண்ணில் கூலிக்குக் காப்பிப்பழம் பறித்தான்.

நிலப் பிரச்சினை இன்றும் தீரவில்லை. 2006-ல் நாடாளுமன்றம் வன உரிமைச் சட்டம் கொண்டுவந்தது. 2005 டிசம்பர் 13-ஆம் தேதிக்கு முன்பிருந்தே வன நிலத்தில் பயிர் செய்துவரும் பழங்குடிக் குடும்பத்துக்கு, 4 எக்டேர் வரை, அதாவது சுமார் பத்து ஏக்கர் வரை, அந்த நிலத்தில் உரிமை உண்டு என்கிறது சட்டம். அனுபவத்தில் இருப்பது எவ்வளவோ அவ்வளவுதான். மனு கொடுக்க வேண்டிய இடம் கிராம சபை. தமிழ்நாட்டில் ஒரு வழக்கினால் 2008 முதல் 2016 வரை பட்டா கொடுப்பது தடைப்பட்டிருந்தது. பிறகுதான் வேலை நகர்ந்தது.

சட்டமன்றத்தில் மொத்தம் 234 தொகுதிகள். பழங்குடியினருக்கு ஒதுக்கியவை இரண்டே இரண்டு. சேந்தமங்கலம் ஒன்று, ஏற்காடு மற்றொன்று.

ஏரியைச் சுற்றி விடுதிகள் பெருகுகின்றன. மலை நிலத்துக்கு விலை ஏறுகிறது. ஆனால் சாலை எட்டாத ஊரில் ஒருவருக்கு இரவில் நெஞ்சு வலித்தால், தொட்டில் கட்டித் தூக்கிக்கொண்டுதான் நடக்க வேண்டும். தமிழ்நாட்டு மலைகள் பலவற்றில் இன்றும் இதே நிலைதான். படித்த பிள்ளைகள் வேலை தேடிச் சேலத்துக்கும் திருப்பூருக்கும் இறங்கிவிடுகிறார்கள். இத்தாலியின் கோர்னிலியாவிலும் இளைஞர்கள் இறங்கிப் போனார்கள். அந்த ஊரையும் அண்டை ஊர்களையும் 1997-ல் உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தார்கள். இப்போது பயணிகள் கூட்டத்தில் ஊர்க்காரர்களுக்கு நடக்க இடமில்லை என்று புகார்! கூட்டம் வராவிட்டாலும் கஷ்டம், வந்தாலும் கஷ்டம்.

போவது எப்படி?

முதலில் பகோடா பாயிண்டுக்குப் போகலாம். கற்களை அடுக்கிக் கூம்பு போல் எழுப்பிய பழைய கட்டுமானங்கள் நான்கு அங்கே நிற்கின்றன. அங்கிருந்து எட்டிப் பார்த்தால் கீழே காக்கம்பாடி ஊர் தெரியும். மார்ச், ஏப்ரலில் ஒரு மழை பெய்து பத்து நாள் கழித்துப் போனால், காப்பி பூத்திருக்கும். மல்லிகை போல வெள்ளை, வாசனையும் அப்படியே. பழம் பறிக்கும் காலம் நவம்பர் முதல் ஜனவரி வரை.

ஊருக்குள் போனால் பெரியவர்களிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போங்கள். கேட்காமல் வீட்டையும் பெண்களையும் படம் பிடிக்காதீர்கள். மரத்தடியில் கல் இருந்தால் தொடாதீர்கள். அது அவர்களுடைய சாமி. மாலை மங்கிய பிறகு தோட்டப் பாதையில் தனியாக நடக்க வேண்டாம். காட்டெருமை நடமாட்டம் உண்டு.

கடைசியில் உச்சிக்குப் போவோம். மேலே மரமில்லாத பெரிய புல்வெளி, ஓயாத காற்று. சேர்வராயனும் காவேரியம்மனும் ஒரே குகைக்குள் இருக்கிறார்கள். இந்தக் குகையின் வழி காவிரி வரை போகிறது என்பது மக்கள் நம்பிக்கை. மே மாதத்தில் திருவிழா. அன்று மலையில் எந்தப் பாதையைப் பார்த்தாலும் ஆட்கள் ஏறிக்கொண்டிருப்பார்கள். பெரியவர்கள், கைக்குழந்தைக்காரிகள், சேலத்தில் வேலை பார்க்கும் பையன்கள் எல்லோரும் வந்துவிடுவார்கள்.

குகை வாசல் தாழ்வானது. பட்டக்காரரானாலும் கலெக்டரானாலும் குனிந்துதான் நுழைய வேண்டும். உயரமானவர்கள் தலையைப் பார்த்துக்கொள்ளுங்கள்.