மலைச்சாலையில் சொகுசு வண்டி: மைலேஜும் ஆயுளும்

ஆண்டு விடுமுறை நெருங்கும்போது நம் சங்கக் கூட்டங்களில் தவறாமல் எழும் பேச்சு ஒன்று உண்டு. "ஊரில் பெரியவர்களுக்காக ஒரு பெரிய வண்டியாக வாங்கிப் போடலாம் என்றிருக்கிறேன். எது நல்ல மைலேஜ் தரும்? எத்தனை வருடம் உழைக்கும்?" பாலக்காடு, சித்தூர், கொழிஞ்சாம்பாறைப் பக்கத்துக் குடும்பங்களானாலும் சரி, மூணாறு, தேவிகுளம், குமுளி, போடி, கம்பம் பக்கத்துக் குடும்பங்களானாலும் சரி, கேள்வி ஒன்றுதான். பதில்தான் ஒன்றல்ல. எஸ்யூவி என்று இன்று எல்லோரும் சொல்லும் இந்தச் சொகுசு ஜீப்புகளைப் பொறுத்தவரை, வண்டியின் பெயரைக் கேட்பதற்கு முன் அது ஓடப்போகும் சாலையின் பெயரைக் கேட்க வேண்டும்.

பாலக்காட்டு எல்லையும் இடுக்கி எல்லையும் ஒரே மேற்குத் தொடர்ச்சி மலையில்தான் இருக்கின்றன. ஆனால் பாலக்காட்டில் மலை வழிவிட்டு நிற்கிறது. முப்பது கிலோமீட்டருக்கும் மேல் அகலமான கணவாய் அது. பாலக்காடு நகரம் கடல் மட்டத்துக்கு மேல் நூறு மீட்டர்கூட இல்லை. வாளையாறு வழியே கோயம்புத்தூர் போய்ச் சேரும்போது நானூறு மீட்டர். ஐம்பது கிலோமீட்டரில் முந்நூறு மீட்டர் ஏற்றம் என்பதைச் சக்கரத்தில் உட்கார்ந்திருப்பவர் உணரவே மாட்டார். இடுக்கியிலோ மலை சுவராக நிற்கிறது. போடிநாயக்கனூரிலிருந்து போடிமெட்டுக்குச் சுமார் 25 கிலோமீட்டர். அதற்குள் ஏறத்தாழ ஆயிரம் மீட்டர் ஏற வேண்டும். கொண்டை ஊசி வளைவுகள் 17.

விளம்பரத்தில் போடும் மைலேஜ் எண் இவ்விரண்டு சாலைகளுக்கும் உரியதல்ல. அது பரிசோதனைக் கூடத்தில், உருளைகளின்மேல் வண்டியை நிறுத்தி, குறிப்பிட்ட வேக அட்டவணைப்படி ஓட்டி எடுத்தது. அங்கே ஏற்றமும் இல்லை, எதிர்க்காற்றும் இல்லை, பின்சீட்டில் மாமியும் இல்லை, டிக்கியில் பலாப்பழமும் இல்லை. ஒரு வண்டியை மற்றொன்றோடு ஒப்பிட அந்த எண் உதவும். நம் செலவைக் கணக்கிட உதவாது.

பாலக்காட்டுக் கணவாயில் மைலேஜைத் தின்பது காற்று. தென்மேற்குப் பருவமழைக் காலத்தில் மேற்கிலிருந்து கணவாய் வழியே பாய்ந்து வரும் காற்றை நம்மவர்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. அந்தக் காற்றை நம்பித்தானே உடுமலை, பல்லடம் பக்கமெல்லாம் காற்றாலைகள் நிற்கின்றன! காற்றின் எதிர்ப்பு வேகத்தின் இருமடிக்கேற்பக் கூடும். மணிக்கு 80 கி.மீ. வேகத்தில் போகும் வண்டிக்கு எதிரே 30 கி.மீ. வேகக் காற்று அடித்தால், வண்டி 110 கி.மீ. வேகக் காற்றைச் சந்திக்கிறது. எதிர்ப்பு ஏறத்தாழ இருமடங்காகிவிடுகிறது. உயரமும் அகலமுமாக அலமாரிபோல நிற்கும் எஸ்யூவிக்குத் தாழ்வான காரைவிட இது மிகவும் உறைக்கும். ஆடி மாதத்தில் கோவையிலிருந்து பாலக்காடு திரும்பும்போது மைலேஜ் குறைகிறதே, இறக்கம்தானே என்று திகைப்பவர்களுக்கு விடை இதுதான்.

இனி மலைக்கணக்கு. ஆளும் மூட்டையுமாக இரண்டரை டன் எடையுள்ள வண்டியை ஆயிரம் மீட்டர் உயரத்துக்குத் தூக்க வேண்டிய ஆற்றல் ஏறத்தாழ 25 மெகாஜூல். ஒரு லிட்டர் டீசலில் 36 மெகாஜூல் அடங்கியிருந்தாலும் அதில் மூன்றில் ஒரு பங்குதான் சக்கரத்துக்கு வந்து சேர்கிறது. மீதி ரேடியேட்டர் வழியாகவும் புகைக்குழாய் வழியாகவும் வெப்பமாகப் போய்விடுகிறது. ஆகவே தூக்குவதற்கு மட்டும் இரண்டு லிட்டர். உருள்வதற்கும் ஏசிக்கும் மற்றதற்கும் இன்னொரு லிட்டர் என்று வைத்தால், போடியிலிருந்து போடிமெட்டுக்கு மூன்று லிட்டர். அதாவது லிட்டருக்கு எட்டு கிலோமீட்டர். ஒரு டன் எடையுள்ள சிறிய கார் தூக்குவதற்கென்று செலவிடுவது இதில் பாதியளவே. எடைக்குக் கூலி கொடுத்தே ஆக வேண்டும். அதில் எந்தக் கம்பெனிக்கும் சலுகை கிடையாது.

ஏறும்போது எட்டுதான் கிடைத்தது என்று வருந்துபவர், திரும்பி வரும்போது எவ்வளவு ஆயிற்று என்று பார்ப்பதில்லை. இக்கால எஞ்சின்கள் கியரில் இருக்கும்போது ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் எரிபொருளையே நிறுத்திவிடுகின்றன. இறக்கத்தில் வண்டி தன் எடையாலேயே உருண்டு எஞ்சினைச் சுழற்றிக்கொள்கிறது. போகவும் வரவும் சேர்த்துப் பார்த்தால் மைலேஜ் சமவெளிக் கணக்குக்கு அருகே வந்துவிடும். 'நியூட்ரலில் விட்டால் டீசல் மிச்சம்' என்று இன்றும் சிலர் சொல்லிக்கொண்டிருக்கிறார்களே, அது முழுத் தவறு. நியூட்ரலில் எஞ்சின் அணையாமலிருக்க டீசல் எரிந்துகொண்டே இருக்கும். கியரில் இருந்தால் அதுவும் இல்லை. மிச்சமும் இல்லை, உயிருக்கும் ஆபத்து.

ஆபத்து எங்கே என்றால், ஏறும்போது சேர்த்துவைத்த அந்த 25 மெகாஜூலில்தான். இறங்கும்போது அது எங்காவது போயாக வேண்டும். கியரைக் குறைத்து எஞ்சினைத் தடையாக்கினால் பெரும்பகுதியை எஞ்சின் ஏற்றுக்கொள்ளும். பிரேக்கையே மிதித்துக்கொண்டு வந்தால் முழுவதும் நான்கு சக்கரங்களின் டிஸ்க்குகளில் வெப்பமாக இறங்கும். எண்பது லிட்டர் குளிர்ந்த நீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவரப் போதுமான வெப்பம் அது! பிரேக் ஆயிலுக்கு ஈரத்தை உறிஞ்சும் குணம் உண்டு. கார்களில் பரவலாகப் பயன்படும் டாட் 4 வகை ஆயில் புதிதாக இருக்கையில் 230 டிகிரிக்கு மேல்தான் கொதிக்க வேண்டும் என்பது தரவிதி. ஈரம் ஏறிய நிலைக்கு அதே விதி 155 டிகிரியே போதும் என்கிறது. ஆயில் கொதித்துக் குமிழி விட்டால் பெடல் மிதிக்க மிதிக்க உள்ளே போகும், வண்டி நிற்காது. ஆண்டில் பாதி நாள் மழையும் மூடுபனியுமாக இருக்கும் மலைநாட்டில், இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை பிரேக் ஆயில் மாற்றுவது ஆடம்பரமல்ல. "வண்டி ஐயாயிரம் கிலோமீட்டர்கூட ஓடவில்லையே" என்பது வாதமாகாது. ஆயில் ஈரம் குடிப்பது நாளைப் பார்த்துத்தான், தூரத்தைப் பார்த்து அல்ல. ஆட்டோமேட்டிக் கியர் வண்டிகளிலும் கையால் கியரைக் குறைக்கும் வசதி இருக்கிறது. ஊரில் வண்டியை ஓட்டப்போகிறவர் தம்பியோ டிரைவரோ, அவருக்கு அதை ஒருமுறை ஓட்டிக்காட்டி விடுங்கள்.

ஆயுள் விஷயத்துக்கு வருவோம். அமெரிக்காவின் ஜே.டி. பவர் நிறுவனம் மூன்றாண்டு பழகிய வண்டிகளின் உரிமையாளர்களைக் கேட்டு ஆண்டுதோறும் பட்டியல் வெளியிடுகிறது. 2023ஆம் ஆண்டுப் பட்டியலில் லெக்ஸஸ் முதலிடம், லேண்ட் ரோவர் கடைசியிடம். இரண்டும் விலையுயர்ந்த வண்டிகளே. விலைக்கும் உழைப்புக்கும் நேரடித் தொடர்பில்லை என்பதற்கு இது நல்ல சான்று. ஆனால் அந்தப் பட்டியலை அப்படியே நம்பிவிடவும் வேண்டாம். அதில் எண்ணப்படும் குறைகளில் பெரும்பங்கு திரை, தொலைபேசி இணைப்பு, குரல் கட்டளை போன்றவை. பேசினால் கேட்காத வண்டி வேறு, பூப்பாறை வளைவில் நின்றுபோகும் வண்டி வேறு. மூன்று ஆண்டு என்பதை நீண்டகாலம் என்று நம் பக்கத்தில் யாரும் ஒப்புக்கொள்ளவும் மாட்டார்கள்.

ஏனென்றால் நம் பக்கத்து அளவுகோல் ஏலத்தோட்டத்து ஜீப். கம்பம் பள்ளத்தாக்கின் கிராமங்களிலிருந்து பொழுது விடியுமுன் தொழிலாளிப் பெண்களை ஏற்றிக்கொண்டு மலையேறும் பழைய மகேந்திரா ஜீப்புகளைப் பார்க்காதவர் இப்பகுதியில் இருக்க முடியாது. இருபது, இருபத்தைந்து ஆண்டு ஓடிய வண்டிகள். அவற்றில் எதுவும் கெடுவதில்லை என்பதல்ல, எல்லாமே கெடும். கெட்டால் சாலையோரப் பட்டறையில் அன்றே சரியாகும். பட்டை ஸ்பிரிங் ஒடிந்தால் ஒரு பட்டை மாற்றினால் போதும். கணினி கிடையாது, காற்றுப்பை கிடையாது. அதே காரணத்தால் மோதினால் காக்கவும் அதில் ஒன்றுமில்லை. அளவுக்கு மீறி ஆட்களை ஏற்றி அவை கவிழ்ந்ததில் எத்தனையோ தொழிலாளர் குடும்பங்கள் தாயை இழந்திருக்கின்றன. ஆகவே ஜீப்பின் ஆயுளைப் புகழும்போது அதில் போனவர்களின் ஆயுளையும் நினைக்க வேண்டும். சொகுசு வண்டிக்கு நாம் கொடுக்கும் விலையில் ஒரு பகுதி இந்தப் பாதுகாப்புக்கான விலை, அது வீண்செலவல்ல.

வீணாவது வேறு இடத்தில். சில உயர்ரக வண்டிகளில் ஸ்பிரிங்குக்குப் பதிலாகக் காற்று நிரம்பிய ரப்பர் உறைகள் இருக்கும். பயணம் பட்டுப்போல் இருக்கும். வயது ஏற ஏற ரப்பர் வெடித்துக் காற்று கசியும். கசிவை ஈடுகட்டக் காற்றழுத்தி ஓயாமல் ஓடி அதுவும் தீர்ந்துபோகும். காலையில் பார்த்தால் வண்டி ஒரு பக்கம் சாய்ந்து படுத்திருக்கும். இதைச் சரிசெய்யும் கம்பெனி ஒர்க்ஷாப் பெரும்பாலும் கொச்சியில் அல்லது கோயம்புத்தூரில்தான். பாலக்காட்டுக்காரருக்குக் கோவை ஒரு மணிநேரம்; அவர் கவலைப்பட வேண்டியதில்லை. மூணாற்றுக்காரர் வண்டியை லாரியில் ஏற்றி மலையிறக்க வேண்டும். ஒரே வண்டி, ஒரே பழுது, இரண்டு ஊரில் இரண்டு செலவு. தானியங்கி கியர்பெட்டியின் ஆயில் 'ஆயுள் முழுதும் மாற்ற வேண்டாம்' என்று கையேட்டில் இருந்தாலும், ஏற்றத்திலேயே ஓடும் வண்டிக்கு மாற்றுவது நல்லது. ஏற்றத்தில் அந்த ஆயில்தான் அதிகம் சூடாகிறது.

நம்மைப்போல் வெளியூரில் இருப்பவர்களின் வண்டிக்கு மட்டும் வரும் நோய் ஒன்று உண்டு. 2020 ஏப்ரல் முதல் இந்தியாவில் விற்கும் புதிய டீசல் கார்களுக்குப் பி.எஸ். 6 தரவிதி கட்டாயம். அதற்காகப் புகைக்குழாயில் கரிவடிகட்டி வைத்திருக்கிறார்கள். அதில் சேரும் கரியை எரித்துத் தள்ள, வண்டி அவ்வப்போது நெடுஞ்சாலையில் நல்ல வேகத்தில் கால்மணி, அரைமணி நேரம் ஓட வேண்டும். அப்பா கோயிலுக்கும் ரேஷன் கடைக்கும் மட்டும் ஓட்டும் வண்டியில் வடிகட்டி அடைத்துக்கொள்ளும். எச்சரிக்கை விளக்கு எரியும். கவனிக்காவிட்டால் எஞ்சின் வலுவைக் குறைத்துக்கொள்ளும். பத்து மாதம் கொட்டகையில் நிற்கும் வண்டிக்குப் பேட்டரியும் டயரும்கூட இப்படியே. இத்தகைய குடும்பத்துக்குப் பெட்ரோல் வண்டியே மேல். ஆனால் அதற்கும் ஒரு குறிப்பு: இப்போது பங்குகளில் கிடைப்பது இருபது சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனாலில் லிட்டருக்குள்ள ஆற்றல் மூன்றில் ஒரு பங்கு குறைவு என்பதால் மைலேஜும் சிறிது குறையும். அந்தக் கலவைக்கென்று செய்யப்படாத பழைய வண்டியானால், ரப்பர் குழாய்களையும் வாஷர்களையும் பார்க்கச் சொல்ல வேண்டும்.

பழைய சொகுசு வண்டி பாதி விலைக்குக் கிடைக்கிறதே என்று ஆசைப்படுவோருக்கு இன்னும் சில வார்த்தைகள். டில்லியில் பத்தாண்டு கடந்த டீசல் வண்டிகள் ஓடக்கூடாதென்று தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2015இல் ஆணையிட்டது. 2018இல் உச்ச நீதிமன்றமும் அதை வலியுறுத்தியது. 2025இல் அந்த விவகாரம் மீண்டும் நீதிமன்றம் ஏறியது. இதனால் அங்கே விலை சரிந்த வண்டிகள் தெற்கே வருகின்றன. வண்டி நன்றாகவே இருக்கலாம். ஆனால் வேறு மாநில வண்டியைப் பன்னிரண்டு மாதத்துக்கு மேல் வைத்திருந்தால் உள்ளூர்ப் பதிவு எடுத்தாக வேண்டும் என்பது மோட்டார் வாகனச் சட்டம். கேரளத்தில் அதற்கான வாழ்நாள் வரியையும் சேர்த்துப் பார்த்தால் மலிவு மறைந்துபோகலாம். 2025 செப்டம்பரில் சுங்கத் துறை 'நும்கோர்' என்ற பெயரில் கேரளமெங்கும் சோதனை நடத்தி முப்பதுக்கும் மேற்பட்ட வண்டிகளைப் பறிமுதல் செய்தது. பூடான் வழியாக வரிகட்டாமல் வந்து, போலி ஆவணங்களால் பதிவானவை என்பது குற்றச்சாட்டு. அவற்றில் லேண்ட் குரூஸரும் லேண்ட் ரோவரும் இருந்தன. பணம் கொடுத்து வாங்கியவர் கையிலிருந்துதான் வண்டி போகும் என்பதை மறக்க வேண்டாம். 2015 சென்னை வெள்ளத்திலும் 2018 கேரள வெள்ளத்திலும் மூழ்கிய வண்டிகள் வேறு சந்தையில் இருக்கின்றன. சீட் பெல்ட்டை முழுவதும் இழுத்துப் பாருங்கள். அடிப்பகுதியில் சேற்றுக்கறை இருந்தால் சீட்டுக்கு அடியில் ஓடும் வயர்களும் அந்தத் தண்ணீரைக் குடித்தவையே.

பெரியவர்களுக்காக வாங்குவதென்றால், வாங்குமுன் அவர்களை ஒருமுறை ஏறி இறங்கச் சொல்லிப் பாருங்கள். முழங்கால் வலியுள்ள அம்மாவுக்கு அந்த உயரப் படி ஒரு மலைதான். மற்றபடி, கொழுக்குமலைக்குப் போக வேண்டுமென்பதற்காக யாரும் பெரிய வண்டி வாங்க வேண்டாம். அந்தத் தேயிலைத் தோட்டம் தேனி மாவட்டத்தில் இருந்தாலும் வண்டிப்பாதை கேரளத்துச் சூரியநெல்லியிலிருந்துதான். பாலக்காட்டு மாவட்டத்தின் பரம்பிக்குளத்துக்குத் தமிழ்நாட்டுச் சேத்துமடை வழியாகப் போவதுபோல! கொழுக்குமலைப் பாறைப்பாதையில் உங்கள் ஒரு கோடி ரூபாய் வண்டியின் அடிவயிறு தேயும். சூரியநெல்லியில் வாடகை ஜீப் நிற்கிறது. அதை ஓட்டுபவருக்கு ஒவ்வொரு கல்லும் தெரியும்.