ஒரு கத்தி, ஒரு பலகை

முடிதிருத்தகங்களில் தோல் வாரில் சவரக்கத்தியைத் தீட்டும் ஓசை அடங்கி நெடுங்காலம் ஆகிறது. ஒரே கத்தி பலர் முகத்தில் படும்போது ஹெபடைடிஸ் பி, எச்.ஐ.வி. போன்றவை ரத்தத்தின் வழியே பரவக்கூடும் என்ற விழிப்புணர்வு வந்தபின், ஆளுக்குப் பாதி பிளேடு என்பது வழக்கமாயிற்று. தேவையான மாற்றம்தான். ஆனால், வீட்டில் தனக்குத்தானே சவரம் செய்துகொள்பவர் எதற்காகப் பிளேடுகளை எறிந்துகொண்டே இருக்க வேண்டும்? குப்பையில் விழும் பிளேடு முதலில் பதம் பார்ப்பது தூய்மைப் பணியாளரின் விரலைத்தான். அதனால்தான் நான் பழைய மடக்குக் கத்திக்கு மாறினேன்.

மென்மையான முடி எஃகை எப்படி மழுக்குகிறது? 2020இல் அமெரிக்காவின் எம்ஐடி ஆய்வாளர்கள் இதை மின்னணு நுண்ணோக்கியில் ஆராய்ந்தனர். தன்னைவிட ஏறத்தாழ 50 மடங்கு மென்மையான முடி சாய்வாக மோதும்போது, சீரற்ற இடங்களில் கத்தியின் விளிம்பு சில்லுச் சில்லாகப் பெயர்கிறது என்று கண்டனர். இதற்கு நாள்தோறும் சாணைக்கல்லை நாடினால் கத்திதான் தேயும். கல் உலோகத்தை அராவி எடுக்கிறது. தோலோ விளிம்பின் நுண்பிசிறை நீவி மெருகேற்றுகிறது.

தொங்கும் வார் சற்றுத் தளர்ந்தாலும் தொய்ந்து, விளிம்பை உருண்டையாக்கிவிடும். மரப்பலகையில் ஒட்டிய தோலுக்கு அந்தக் குறை இல்லை. தச்சுப்பட்டறையில் கழித்துப் போட்ட தேக்குத் துண்டு போதும்: நீளம் 30 செ.மீ., அகலம் 7 செ.மீ., கனம் 2 செ.மீ. இதில் முழுக் கவனமும் சமதளத்துக்கே உரியது. பலகை முழுவதும் பென்சிலால் குறுக்குக் கோடுகள் இட்டு, கண்ணாடிமேல் விரித்த உப்புத்தாளில் தேய்க்க வேண்டும். கோடு எங்கே அழியாமல் நிற்கிறதோ அங்கே பள்ளம். எல்லாக் கோடுகளும் ஒருசேர அழியும்வரை பொறுமை வேண்டும். நான் ஒரு மாலைப்பொழுதைச் செலவிட்டேன்.

பின்பு, மரப்பட்டைச் சாற்றில் பதனிட்ட, 2 மி.மீ. கனமுள்ள வழவழப்பான தோலை மெல்லிய பசைப்பூச்சில் ஒட்டி, கண்ணாடிமேல் கவிழ்த்து, ஒருநாள் பாரம் ஏற்றி வைக்கலாம். மறுபக்க மரத்தில் பச்சை நிறக் குரோமியம் ஆக்சைடு பசையைத் தடவி, கூர் குறையும்போது மட்டும் பயன்படுத்தலாம்.

கத்தியின் முதுகும் விளிம்பும் ஒருசேரத் தோலில் படிய, முதுகு முன்செல்ல இழுக்க வேண்டும். திருப்பும்போது முதுகின்மேல் புரட்ட வேண்டும். விளிம்பின்மேல் புரட்டி என் முதல் தோலைக் கீறிக்கொண்டேன். கத்தியின் எடையே போதுமான அழுத்தம். முப்பது இழுப்புகளில் வேலை முடிந்துவிடும்.

கத்தியைப் போலவே பலகையும் ஒருவருக்கே உரியது. எஃகைக் கிருமிநீக்கம் செய்துவிடலாம். தோலில் ஊறிய ரத்தத்தை அப்படிப் போக்க இயலாது. என் மகன் மடக்குக் கத்தி வாங்கியபோது, அவனுக்கென்று இன்னொரு தேக்குத் துண்டைத் தேடிப் போனேன்.