அதிமதுர மிட்டாய் யாருக்குப் பிடிக்கும்?

சிவகாசியை அடுத்த விஸ்வநத்தத்தில் ஒரு பெட்டிக்கடையின் முன் சற்று நின்று பாருங்கள். அண்ணன் கடித்து நொறுக்கக் கடலை மிட்டாய் கேட்பான். தங்கையோ மெல்ல மெல்ல இழுபடும் சவ்வு மிட்டாய்தான் வேண்டும் என்பாள். விலையும் ஒன்று, இரண்டும் இனிப்பு. பிறகு ஏன் இந்த வேறுபாடு?

இதை அறிய ஒரு வேரை எடுத்துக்கொள்வோம். நாட்டு மருந்துக் கடையில் கிடைக்கும் அதிமதுரம் தான் அது. இருமலுக்கு நம் பாட்டிமார் வாயில் அடக்கிக்கொள்ளச் சொல்வது. ஐரோப்பாவில் இதன் சாற்றைக் காய்ச்சிக் கறுப்பு மிட்டாய் செய்கிறார்கள். இந்த வேரில் உள்ள கிளிசரைசின் என்னும் பொருள் சர்க்கரையைப்போல் ஏறத்தாழ 30 முதல் 50 மடங்கு இனிப்பானது. ஆனால் அந்த இனிப்பு மெதுவாகத் தோன்றும். நெடுநேரம் நாவில் தங்கும். சிலருக்கு இதுவே பிடிக்கும். சிலருக்கு இதுவே திகட்டும்.

பின்லாந்திலும் நெதர்லாந்திலும் இந்த மிட்டாயில் நவச்சாரம் சேர்ப்பார்கள். ஆம், நம் ஊரில் பித்தளைப் பாத்திரத்துக்கு ஈயம் பூசுவோர் பயன்படுத்தும் அதே அம்மோனியம் குளோரைடு! அவ்வூர்ப் பிள்ளைகள் அதை விரும்பிச் சுவைப்பார்கள். வெளியூரார் பலர் வாயில் வைத்ததும் துப்பிவிடுவார்கள். புளிப்பை உணரும் நாவின் செல்களில் உள்ள 'ஓட்டாப் 1' என்ற புரதமே நவச்சாரத்தையும் உணர்கிறது என 2023-இல் கண்டறிந்தனர்.

சுவை நாவோடு முடிவதில்லை. இதை நீங்களே சோதிக்கலாம். மூக்கை இறுகப் பிடித்துக்கொண்டு சர்க்கரை பூசிய சோம்பை மெல்லுங்கள். வெறும் இனிப்புத்தான் தெரியும். இப்போது மூக்கை விடுங்கள். சோம்பின் மணம் சட்டென்று எழும்! தொண்டையின் வழியே மூக்கை எட்டும் அனெத்தோல் என்னும் பொருளே இதற்குக் காரணம். அதிமதுர மிட்டாய்கள் பலவற்றில் இதே மணத்தைத் தரும் சோம்பு வகை எண்ணெயைச் சேர்க்கிறார்கள்.

இந்த மணத்தின் மீதான விருப்பம் பிறக்கும் முன்பே தொடங்கக்கூடும். கருவுற்றிருந்தபோது இம்மணமுள்ள இனிப்பை உண்ட தாய்மாரின் குழந்தைகள், பிறந்த சில நாள்களிலேயே அம்மணத்தை நாடினர் என்று பிரான்சில் நடந்த ஆய்வு ஒன்று 2000-இல் தெரிவித்தது. பழக்கம் அவ்வளவு முன்னதாகவே வேர் விடுகிறது.

இனி நம் அண்ணன் தங்கைக்கு வருவோம். பாகு காயக் காய நீர் குறைகிறது, கொதிநிலை உயர்கிறது. சர்க்கரைப் பாகு 110 டிகிரி செல்சியஸ் அளவில் கம்பியாக இழுபடும். 150 டிகிரியை எட்டியபின் ஆறினால் கண்ணாடிபோல் உடையும். கோவில்பட்டிக் கடலை மிட்டாயின் நொறுக்கும் இப்படி முற்றிய வெல்லப் பாகினால் வருவதே. அதிமதுர மிட்டாயிலோ மாவு நீரைப் பிடித்து வைப்பதால் அது சவசவ என்று இருக்கும். மனிதரிலும் நொறுக்குவோர், மெல்லுவோர், சப்புவோர், நாவால் நசுக்குவோர் என நான்கு வகையினர் உண்டு என்கின்றனர் ஆய்வாளர்.

ஆனால் நாவுக்குப் பிடித்ததெல்லாம் உடலுக்கு நல்லதல்ல. அதிமதுரத்தை நாள்தோறும் மிகுதியாக உண்டால் உடலில் உப்பு தங்கும், பொட்டாசியம் குறையும், இரத்த அழுத்தம் உயரும். கடையில் வாங்கும் நவச்சாரத்தை நாவில் வைப்பதும் கூடாது; அது உண்பதற்கெனத் தூய்மை செய்யப்பட்டதன்று. பட்டாசுத் தொழில் நடக்கும் ஊரில் வாழும் நாம், பெயர் தெரிந்த பொருளாயினும் தெரியாத பொருளாயினும் எந்த வேதிப்பொருளையும் சுவைத்துப் பார்க்கலாகாது.

அடுத்த முறை நண்பன் நீட்டும் மிட்டாய் உங்களுக்குப் பிடிக்காவிட்டால் முகம் சுளிக்காதீர்கள். அவனுடைய நாவும் மூக்கும் பழக்கமும் வேறு, அவ்வளவுதான்!