அடுப்பு மூட்டாத காலை உணவு

காலை ஏழு மணிக்கும் எட்டரை மணிக்கும் இடையே நம் வீடுகளில் நிகழும் பரபரப்பை அறியாதவர் இலர். குழாய் நீர் நிற்குமுன் குடங்களை நிரப்ப வேண்டும். நண்பகல் உணவைச் சமைத்துக் கட்ட வேண்டும். அலுவலகம் செல்வோரும், ஆலைக்குச் செல்வோரும், வயல் வேலைக்குச் செல்வோரும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் புறப்பட வேண்டும். இத்தனைக்கும் நடுவில் பள்ளிக்குச் செல்லும் சிறுவன், "எனக்குப் பசியில்லை" என்று சொல்லிவிட்டுப் பையைத் தூக்கிக்கொண்டு ஓடிவிடுகிறான். அவனுக்கு உண்மையில் இல்லாதது பசியன்று. காத்திருந்து உண்ண நேரந்தான் இல்லை.

இது சிறு செய்தி போலத் தோன்றலாம். ஆயினும் கணக்கிட்டுப் பாருங்கள். முந்தின இரவு எட்டு மணிக்கு உண்டவன், மறுநாள் பகல் பன்னிரண்டரை மணிக்குத்தான் அடுத்த உணவை உண்கிறான் என்றால், பதினாறரை மணி நேரம் அவன் வயிறு வெறுமையாய் இருந்திருக்கிறது. நாம் உறங்கும்போதும் நம் உடல் ஓய்ந்து கிடப்பதில்லை. இதயம் துடிக்கிறது, மூச்சு இயங்குகிறது, மூளையும் தன் வேலையை விடுவதில்லை. இவற்றுக்கு வேண்டிய சர்க்கரையை ஈரல் தன் சேமிப்பிலிருந்து சிறிது சிறிதாக எடுத்துக் கொடுக்கிறது. வளர்ந்த மனிதன் உடலில் செலவாகும் ஆற்றலில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கை மூளையே எடுத்துக்கொள்ளுகிறது. சிறுவர்களுக்கோ இந்தப் பங்கு இன்னும் மிகுதி. அவர்களுடைய ஈரலின் சேமிப்போ குறைவு. ஆகவே காலை உணவை இழப்பதால் பெரியவரை விடச் சிறுவரே விரைவில் சோர்கின்றனர். இரண்டாம் பாடவேளையில் கரும்பலகையைப் பார்த்தபடியே கவனம் சிதறி அமர்ந்திருக்கும் மாணவனை ஆசிரியர் சோம்பேறி என்று எண்ணுகிறார். அவன் வயிற்றைப் பற்றி எவரும் கேட்பதில்லை.

அப்படியானால், அந்தச் சிறுவனே தன் காலை உணவை ஆயத்தம் செய்துகொள்ளலாகாதா? உடனே ஓர் அச்சம் எழும். எரியும் அடுப்பு, கொதிக்கும் நீர், கூரிய கத்தி ஆகியவற்றுக்கு அருகில் குழந்தையை எப்படி விடுவது? இந்த அச்சம் நியாயமானதே. ஆனால், காலை உணவுக்குக் காலையிலேயே நெருப்பு வேண்டுமா என்பதை முதலில் ஆராய வேண்டும்.

சமைக்கும்போது நெருப்பு செய்யும் வேலை யாது? அரிசியிலும் பருப்பிலும் உள்ள மாவுச்சத்து, கெட்டியான மிக நுண்ணிய மணிகளாக அடைந்து கிடக்கிறது. ஈரமும் வெப்பமும் சேரும்போது அம்மணிகள் நீரை உறிஞ்சிப் பருத்து மென்மையாகின்றன. அதன் பின்னரே நம் செரிமான நீர்கள் அவற்றை எளிதில் கரைக்கின்றன. இந்த வேலையை வேறொருவர், வேறோர் இடத்தில், வேறொரு நேரத்தில் முன்கூட்டியே முடித்துவிட்டால், காலையில் அடுப்பு வேண்டியதில்லை. இத்தகைய உணவுகள் நம் நாட்டில் நெடுங்காலமாக வழங்கி வருகின்றன.

முதலாவது அவல். நெல்லை நீரில் ஊறவைத்து, வடித்து, சூடேறிய சட்டியில் வறுத்து, சூடு ஆறுமுன் இடித்துத் தட்டையாக்கினால் அவல் கிடைக்கிறது. இக்காலத்தில் இவ்வேலையை ஆலைகள் செய்கின்றன. ஊறிய நெல் வெப்பம் பட்டபோதே அரிசி பெரும்பாலும் வெந்துவிடுகிறது. ஆகையால்தான் அவல் வெறும் தண்ணீரில் மென்மையாகிறது. எட்டு வயதுச் சிறுமி இதைத் தானே செய்துகொள்ளலாம். ஒரு டம்ளர் கெட்டி அவலை இருமுறை கழுவி, மூழ்கும் அளவுக்குத் தண்ணீர் ஊற்றிப் பல் துலக்கி முகம் கழுவி வரும்வரை, அதாவது பத்துப் பதினைந்து நிமிடம், விட்டுவிட வேண்டும். மெல்லிய அவலாயின் கழுவி வடித்தாலே போதும். பிறகு நீரைப் பிழிந்துவிட்டுப் பொடித்த வெல்லமும் தேங்காய்த் துருவலும் சேர்த்தால் இனிப்பு அவல். தயிரும் உப்பும் சேர்த்தால் தயிர் அவல். எலுமிச்சைச் சாறும் உப்பும் சேர்த்தால் புளிப்பு அவல். தேங்காயைத் துருவித் தருவது மட்டும் பெரியவர் வேலை.

இரண்டாவது பொட்டுக்கடலை. கொண்டைக்கடலையை வறுத்து உமி நீக்கியதே இது. நெருப்பின் வேலை இங்கும் முடிந்துவிட்டது. நூறு கிராம் பொட்டுக்கடலையில் ஏறத்தாழ 20 கிராம் புரதம் உண்டு. அரிசிப் புரதத்தில் லைசின் என்னும் ஒரு கூறு குறைவு; பருப்பு வகைகளில் அது நிறைய இருக்கிறது. ஆகவே அவலோடு ஒரு பிடி பொட்டுக்கடலையைக் கலந்து உண்பவன், ஒன்றின் குறையை மற்றொன்றால் நிரப்பிக்கொள்ளுகிறான். இவற்றோடு ஒரு வாழைப்பழமும் சேர்ந்தால் நல்ல காலை உணவு ஆயிற்று. ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு மட்டும் கடலையை முழுதாகக் கொடுக்கலாகாது. அது தொண்டையில் அடைத்துக்கொள்ளக் கூடும். பொடித்துக் கொடுப்பதே முறை.

மூன்றாவது, நம் உழவர் பெருமக்கள் நன்கறிந்த பழைய சோறு. இதில் நெருப்பின் வேலையை முந்தின நாள் அடுப்பு செய்துவிட்டது. எஞ்சிய வேலையை இரவில் நுண்ணுயிர்கள் செய்கின்றன. சோற்றில் நீரூற்றி மூடி வைத்தால், பாலைத் தயிராக்கும் நுண்ணுயிர்களின் இனத்தைச் சேர்ந்தவை அதில் பெருகி ஒருவகைப் புளிப்பை உண்டாக்குகின்றன. அப்புளிப்பே அதன் சுவைக்குக் காரணம். தீய கிருமிகள் பல தழைக்காமல் தடுப்பதும் அதுவே. எனினும் ஓர் எச்சரிக்கை வேண்டும். சில கிருமிகளின் வித்துகள் கொதிக்கும் நீரிலும் மடிவதில்லை. வடித்த சோறு பல மணி நேரம் வெறுமனே வெளியில் கிடந்தால் அவை முளைத்து நஞ்சை உண்டாக்கும். ஆதலால் சோற்றின் சூடு தணிந்தவுடன், காய்ச்சி ஆறிய நீரைத் தூய பாத்திரத்தில் ஊற்றி மூடிவைக்க வேண்டும். காலையில் வழவழப்போ கெட்ட நாற்றமோ இருந்தால் தயங்காமல் கொட்டிவிட வேண்டும். நல்ல நிலையில் இருந்தால் மோரும் உப்பும் சேர்த்துப் பிசைந்து, உரித்த சின்ன வெங்காயத்தைக் கடித்துக்கொண்டு உண்ணலாம். கேழ்வரகுக் கூழும் இவ்வாறே. முந்தின நாள் கிண்டி உருட்டி நீரிலிட்ட களியைக் காலையில் மோர்விட்டுக் கரைத்துக்கொள்வதற்கு ஐந்து நிமிடமும் ஆகாது. நூறு கிராம் கேழ்வரகில் 300 மில்லிகிராமுக்கு மேல் சுண்ணாம்புச்சத்து இருக்கிறது. வளரும் எலும்புக்கு இது பெருந்துணை.

முளைகட்டிய பச்சைப்பயற்றையும் இங்குக் குறிப்பிட வேண்டும். காலையில் ஊறவைத்து மாலையில் துணியில் முடிந்து தொங்கவிட்டால், மறுநாள் காலையில் சிறு முளைகள் தோன்றியிருக்கும். உலர்ந்த பயற்றில் இல்லையென்றே சொல்லத்தக்க வைட்டமின் 'சி' முளைக்கும்போது உண்டாகிறது. ஆயினும் பயறு முளைப்பதற்கு ஏற்ற ஈரமும் வெதுவெதுப்பும் கிருமிகளுக்கும் ஏற்றவையே. ஆகவே சிறு குழந்தைகளுக்குப் பச்சையாகக் கொடாமல், பெரியவர் ஒருவர் ஆவியில் வேகவைத்துத் தருவது நலம். முடிந்து வைப்பதும், அவிழ்த்துப் பார்ப்பதும், அலசி எடுப்பதும் குழந்தைகளின் வேலையாக இருக்கட்டும். பாடநூலில் படிக்கும் விதை முளைத்தலை அவர்கள் தம் வீட்டிலேயே கண்டுவிடுவார்கள்.

எந்த உணவாயினும் இன்னும் இரண்டு செய்திகளை நினைவில் கொள்க. தானியங்களிலும் பயறுகளிலும் உள்ள இரும்புச்சத்தை உடல் எளிதில் ஏற்பதில்லை. எலுமிச்சை, நெல்லிக்காய், கொய்யா இவற்றுள் ஒன்று உடன் சேர்ந்தால் கூடுதலாக ஏற்கும். உணவோடு தேநீர் அருந்தினாலோ அது குறைந்துவிடும். ஆதலால் தேநீரும் ரொட்டித் துண்டுமாகக் காலையை முடித்துக்கொள்வது நல்ல பழக்கமன்று. மற்றொன்று தூய்மை. நகத்தை வெட்டி, கையைச் சோப்பிட்டு நன்கு தேய்த்துக் கழுவிய பின்னரே பாத்திரத்தைத் தொட வேண்டும். காலை உணவு செய்யக் கற்கும் குழந்தைக்கு முதற்பாடம் இதுவே.

வயதுக்கேற்ப வேலையைப் பகுத்துக்கொள்ளலாம். ஐந்தாறு வயதினர் பழத்தை உரிக்கலாம், வெல்லத்தைக் கலக்கலாம். எட்டு வயதினர் அவலைக் கழுவி ஊறவைக்கலாம், கூழ் கரைக்கலாம். பன்னிரண்டு வயதைத் தாண்டியவர், பெரியவர் அருகில் நிற்க, அடுப்பை மூட்டக் கற்கலாம். இரவில் படுக்கப் போகுமுன், அவல் டப்பாவையும் கிண்ணத்தையும் பழத்தையும் குழந்தையின் கைக்கெட்டும் இடத்தில் எடுத்துவைப்பது மிக இன்றியமையாதது. காலை உணவின் பாதி வேலை முந்தின இரவில்தான் நடக்கிறது.

பசியோடு பாடம் கேட்பது இயலாது என்பதை நம் மாநில அரசும் உணர்ந்து வந்திருக்கிறது. காமராசர் முதலமைச்சராயிருந்தபோது 1956-இல் பள்ளிகளில் மதிய உணவு தொடங்கிற்று; எம். ஜி. இராமச்சந்திரன் காலத்தில், 1982-இல் அது சத்துணவுத் திட்டமாக விரிந்தது. பின்னர் 2022 செப்டம்பர் 15-ஆம் நாள் மதுரையில் முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் தொடங்கப்பெற்று, 2023 ஆகஸ்டு 25 அன்று திருக்குவளையிலிருந்து மாநிலமெங்கும் விரிவாக்கப்பட்டது. முதல் வகுப்பிலிருந்து ஐந்தாம் வகுப்பு வரை பயிலும் பிள்ளைகளுக்காக அமைந்தது அத்திட்டம். ஆறாம் வகுப்புக்கு ஏறிய பிள்ளையின் பசி அங்கே நின்றுவிடுவதில்லை. ஆனால் அந்த வயதில் அவன் கைகள் அவல் ஊறவைக்கவும் கூழ் கரைக்கவும் போதிய வலிமை பெற்றிருக்கின்றன. அங்கிருந்து அவன் தன்னைத் தானே பார்த்துக்கொள்ளக் கற்க வேண்டும்.

"அவன்" என்று இங்கே வேண்டுமென்றே சொன்னேன். சமையற்கட்டு பெண்பிள்ளைக்கு மட்டும் உரியது என்னும் எண்ணம் இன்னும் பல வீடுகளில் நிலவுகிறது. தங்கை தட்டை எடுத்து வைக்க, அண்ணன் அமர்ந்து உண்பது பெருமையாகாது. பசி இருவருக்கும் பொது. ஆகவே அதைத் தணிக்கும் திறனும் இருவருக்கும் பொதுவாக வேண்டும். விடுதிகளில் தங்கிப் பயிலும் கல்லூரி மாணவர்களுள் எத்தனையோ பேர், உணவுக்கூடம் மூடியிருக்கும் நாளில் பட்டினியாக வகுப்புக்குச் செல்லுகின்றனர். ஒரு படி அவலும் கொஞ்சம் பொட்டுக்கடலையும் அலமாரியில் இருந்தால் அந்த நிலை நேராது.

மாணவ நண்பர்களே! உங்கள் வீட்டில் தம்பியோ தங்கையோ இருந்தால், வரும் ஞாயிற்றுக்கிழமை அவர்களுக்கு அவல் ஊறவைக்கக் கற்றுக்கொடுங்கள். முதல்நாள் தரையெல்லாம் அவல் சிந்தும், தண்ணீர் கூடிக் குழைந்துபோகும், உப்பு மிகும். கடிந்துகொள்ளாதீர்கள். அடுத்தடுத்த நாட்களில் அளவு பிடிபட்டுவிடும். பிறகொரு நாள், அடுப்படியில் நிற்கும் அன்னை திரும்பிப் பார்க்கும்போது, பிள்ளை உண்டு முடித்துக் கிண்ணத்தைக் கழுவிக் கவிழ்த்துவிட்டுப் பள்ளிக்குப் புறப்பட்டிருப்பான். அன்று அவளுக்கும் உட்கார்ந்து உண்ணப் பத்து நிமிடம் மிஞ்சும்.