நெருப்பில்லாமல் புகைந்த கதை

நெருப்பில்லாமல் புகையாது என்பது பழமொழி. 2015-ஆம் ஆண்டில் அமெரிக்க ஐக்கிய நாடுகளில் இப்பழமொழி பொய்த்துப் போயிற்று. சர்க்கார் இயற்றாத ஒரு சட்டத்தை எதிர்த்து அங்கே ஒரு கலகக்கொடி உயர்ந்தது.

அமெரிக்கக் குடும்பஸ்தனுக்குத் தன் வீட்டுக் கொல்லைப்புறம் ஒரு சிறு சமஸ்தானம். வாரமெல்லாம் பிறருக்கு ஊழியம் செய்பவன், கோடைக்கால விடுமுறை நாளில் அங்கே இடுப்பில் துணி கட்டி, கையில் நீண்ட இடுக்கி ஏந்தி, கரியடுப்பின் முன்னோ காஸ் அடுப்பின் முன்னோ நின்று இறைச்சி சுடுவான். அன்று அவனே அரசன்; மனைவி மக்களும் அண்டை அயலாரும் அவன் பிரஜைகள். இவ்விருந்துக்குப் பார்பெக்யூ என்று பெயர். அந்தச் சமஸ்தானத்துக்குள் சர்க்கார் கால் வைக்கப் போவதாகச் செய்தி பரவினால், இடுக்கி செங்கோலாக இருந்தது போய் வாளாக மாறிவிடும் என்று சொல்லவும் வேண்டுமோ?

நடந்தது இதுதான். கலிபோர்னியா சர்வகலாசாலையின் ரிவர்ஸைடு கிளையைச் சேர்ந்த மாணவர்களுக்கு மத்திய சர்க்காரின் சுற்றுச்சூழல் பாதுகாப்பு இலாகா 15,000 டாலர் உதவித்தொகை வழங்கிற்று. இறைச்சியிலிருந்து உருகும் கொழுப்பு சுடரில் சொட்டும்போது புகையுடன் நுண்ணிய துகள்கள் எழுகின்றன. அவை நுரையீரலுக்கு ஆகாதவை. சொட்டும் கொழுப்பை ஏந்த ஒரு தட்டும், புகையை வடிகட்ட ஒரு சாதனமும் செய்ய முடியுமா என்பதே மாணவர்களின் ஆராய்ச்சி. வல்லரசு ஒன்றின் பொக்கிஷத்தில் 15,000 டாலர் என்பது அடுப்பங்கரையில் சிந்திய கடுகு.

ஆனால் அந்தக் கடுகு வெடித்த சத்தம் மிசௌரி ராஜ்யம் வரையில் கேட்டது. அங்கே ராஜ்ய ஸெனட் அங்கத்தினராக இருந்த எரிக் ஷ்மிட் என்பவர், ஜனங்கள் அனைவரும் அடுப்பு மூட்டி எதிர்ப்பைக் காட்ட வேண்டுமென்று அறைகூவினார். அவருடைய செயிண்ட் லூயிஸ் வட்டாரத்தில் பன்றியின் தோள் இறைச்சியைத் துண்டமிட்டுச் சுடுவது பிரசித்தம். அதன் பெயராலேயே ‘போர்க் ஸ்டேக் கலகம்’ சமூக வலைத்தளங்களில் பிரகடனமாயிற்று. உண்ணாவிரதம் இருந்து போராடியவர்களை உலகம் அறியும். உண்டே போராடும் உபாயத்தைக் கண்ட பெருமை மிசௌரியைச் சேரும். கொல்லைப்புற அடுப்புகளைத் தாங்கள் கட்டுப்படுத்துவதில்லை என்று இலாகா விளக்கம் அளித்தது. பிரதிவாதி கூண்டிலேயே இல்லை. ஆனால் வாதியோ தீர்ப்பை எழுதி, அதைக் கொண்டாட விருந்தும் உண்டு முடித்திருந்தார்!

இவ்விஷயத்தில் ஐரோப்பாவும் பின்தங்கவில்லை. 2007-ஆம் ஆண்டு பெல்ஜியத்தின் வலோனியாப் பிரதேசத்தில் ஒவ்வொரு பார்பெக்யூவுக்கும் 20 யூரோ வரியென்றும், வரி கொடாதவரின் அடுப்பை வெப்பம் உணரும் கருவி பொருத்திய ஹெலிகாப்டர்கள் வானிலிருந்து கண்டுபிடிக்கும் என்றும் ஒரு செய்தி கடல் கடந்து பரவிற்று. அது ஏப்ரல் மாதத்து முட்டாள் தினப் புனைவு. எனினும் நம்பினவர் பலர். ஏன் நம்பினர்? சர்க்கார் எதையும் செய்யக்கூடியது என்ற எண்ணம் எல்லா நாட்டுப் பிரஜைகளின் உள்ளத்திலும் ஊறியிருக்கிறது. இன்று உதவித்தொகை, நாளை ஆராய்ச்சி, மறுநாள் விதி, அதற்கு மறுநாள் வாசலில் இன்ஸ்பெக்டர் என்று அவர்கள் கணக்கிடுகிறார்கள். அக்கணக்கு முற்றிலும் தவறென்று நாம் சொல்லத் துணியோம்.

ஏனெனில் சர்க்கார் கொல்லைப்புறத்துக்குள் மெய்யாகவே நுழைந்ததும் உண்டு. மலைகள் சூழ்ந்த லாஸ் ஏஞ்சலீஸ் பள்ளத்தாக்கில் நச்சுப்புகை எழும்ப வழியின்றித் தேங்கி நிற்கும். வீட்டுக் குப்பையைக் கொல்லையில் கொளுத்தும் உலைகளை அங்கே 1957-இல் தடை செய்தார்கள். 1990-இல் அவ்வட்டாரத்துக் காற்றுத்தர நிர்வாகம் பார்பெக்யூவின் மீதும் பார்வையைத் திருப்பிற்று. கரியைப் பற்றவைக்க ஊற்றும் திரவத்திலிருந்து எழும் ஆவி, வெயிலில் பிற வாயுக்களுடன் கலந்து நச்சுப்புகையாக மாறுகிறது. ஆகையால் ஆவி குறைந்த திரவத்தையே விற்க வேண்டுமென்று விதி வகுத்தது. அடுப்பு மூட்டினால் சிறைவாசம் என்னும் பொருள்படும் கோஷம் எழுந்தது. முடிவு யாது? தயாரிப்பாளர்கள் திரவத்தின் கலவையை மாற்றினார்கள். அடுப்புகள் அணையவில்லை. இறைச்சி சுட்டதற்காகச் சிறைக்கதவும் திறக்கவில்லை.

இங்கே நாம் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. ஒருவன் தன் வேலிக்குள் எதைச் சுடுகிறான், எதைத் தின்கிறான் என்று விசாரிக்கச் சர்க்காருக்கு அதிகாரம் இருத்தலாகாது. அதில் தலையிடுவது அப்பட்டமான யதேச்சாதிகாரம். ஆனால் புகைக்கு வேலி தெரியாது. அது அயல்வீட்டுக் குழந்தையின் மூச்சில் புகுந்த கணத்தில் சொந்த விஷயம் பொதுவிஷயமாகிறது. பிரஜையின் சுதந்திரத்துக்கும் அண்டைவீட்டான் உரிமைக்கும் நடுவே கோடு கிழிப்பதே சட்டத்தின் வேலை. அக்கோடு சரியான இடத்தில் விழுந்ததா என்று பார்ப்பது பிரஜையின் வேலை. லாஸ் ஏஞ்சலீஸில் கோடு அடுப்பின் மீது விழாமல் திரவப் புட்டியின் மீது விழுந்தது. அவ்விதி தாங்கத் தகுந்ததாயிருந்ததற்கு அதுவே காரணம்.

பரிகாசம் ஜனங்களின் கையிலுள்ள கூரிய ஆயுதம். தடியடிக்கு அஞ்சாத அதிகாரியும் நகைப்புக்கு அஞ்சுவான். அத்தகைய ஆயுதத்தை இல்லாத சட்டத்தின் மீது வீசி மழுங்கடிக்கலாமா? புலி வருகிறது, புலி வருகிறது என்று விளையாட்டுக்குக் கூவிய சிறுவனின் கதை யாவரும் அறிந்ததே. பொய்ப்புலிகளுக்காக ஊரைக் கூட்டிக்கொண்டேயிருந்தால், மெய்யாகவே உரிமையைப் பறிக்கும் மசோதா ஒன்று சந்தடியின்றி வரும் நாளில் ஊரார் செவி சாய்க்க மாட்டார்கள்.

ஆகவே, சர்க்காரைப் பார்த்து நன்றாகச் சிரிக்கட்டும். சிரிக்கத் தெரியாத ஜனங்கள் சுதந்திரத்தைக் காக்க வல்லவரல்லர். ஆனால் அடுப்பை மூட்டுமுன் மசோதாவை ஒருமுறை வாசித்துவிடட்டும். இறைச்சி ஆறிவிடாது.