கேபினெட் லைட்டுக்குக் காசு கொட்டாதீங்க

கேமிங் பிசி அசெம்பிள் பண்ணப் போறீங்களா? முதல்ல எஸ்எம்பிஎஸ்ஸைப் பாருங்க. கேபினெட்டோட சும்மா வந்ததை நம்பி மதர்போர்டையும் சேர்த்துப் பறிகொடுத்தவன் நான். ‘80 ப்ளஸ்’ முத்திரை, மின்சாரம் அதிகம் வீணாகாது என்று மட்டும்தான் சொல்லும். ஓவர்வோல்டேஜ் பாதுகாப்பு இருக்கான்னு தனியா பார்க்கணும்.

கிராபிக்ஸ் கார்டுக்கு இப்போ காசில்லையா? ரைசன் 5 5600ஜி வாங்குங்க, கிராபிக்ஸ் உள்ளேயே இருக்கு. வெறும் 5600-ல் கிடையாது. அந்த ‘ஜி’யைக் கவனிக்காம வாங்கினா ஸ்கிரீன்ல ஒண்ணும் வராது. இந்த கிராபிக்ஸ் ரேமைத்தான் பங்கு போட்டுக்கும். அதனால 16 ஜிபியை 8, 8-ஆ ரெண்டா போடுங்க, ரெண்டு வழியில டேட்டா போகும், கேம் திணறாது.

ஆர்ஜிபி ஃபேனை விட்டுட்டு டஸ்ட் ஃபில்டர் உள்ள கேபினெட்டா எடுங்க. நம்ம கோவில்பட்டி ஆடிக் காத்துல கரிசல் புழுதி பூட்டின வீட்டுக்குள்ளயும் வந்துரும்.